ஃபாக் லைட்டும் டிஆர்எல்லும்: ஹாலஜனா, எல்ஈடி பல்பா, த்ரீ-இன்-ஒன் செட்டா?

ஸ்விஃப்ட் கார்ல விஎக்ஸ்ஐ மாதிரி நடு வேரியன்ட் வாங்கினவங்களுக்கு வர்ற அரிப்புதான் எனக்கும் வந்துச்சு. பம்பர்ல ஃபாக் லைட் இருக்க வேண்டிய எடத்துல கருப்பு மூடி போட்டு அடைச்சு குடுத்திருப்பாங்க, அத பாக்கறப்பெல்லாம் என்னமோ பாக்கி நிக்கற மாதிரியே இருக்கும். கோயமுத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம் ஏறி கோத்தகிரில மாமனார் வீட்டுக்கு அடிக்கடி போறதால எனக்கு தேவையும் இருந்துச்சுங்க, வெறும் அழகுக்கு இல்ல.

கடைல கேட்டா மூணு வழி சொல்லுவாங்க. மேல் வேரியன்ட்ல வர்ற அதே ஹாலஜன் ஃபாக் செட்ட ஆக்சஸரியா வாங்கி மாட்டறது, அதே ஹவுசிங்ல ஹாலஜனுக்கு பதிலா எல்ஈடி பல்ப் சொருகறது, இல்லன்னா டிஆர்எல் (பகல்லயும் எரியற முன் லைட்), இன்டிகேட்டர், புரொஜெக்டர் ஃபாக் (லென்ஸ் வெச்ச ஃபாக் லைட்) எல்லாம் ஒரே ஃப்ரேம்ல வர்ற த்ரீ-இன்-ஒன் செட்டு. நான் போட்டது மொத வழி, மஞ்ச பல்போட, டிஆர்எல் இல்லாம. அதனால இத நடுநிலையான அலசல்னு நெனச்சு படிக்காதீங்க.

அழகுல த்ரீ-இன்-ஒன் தான் ஜெயிக்கும், அதுல பேச்சே இல்ல. கரன்ட் இழுக்கறதுலயும் எல்ஈடி தான். 55 வாட் எச்11 வகை ஹாலஜன் பல்ப் ரெண்டு போட்டா 110 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர், ஆனா 20 வாட் எல்ஈடி ரெண்டுன்னா மூணு சொச்சம் ஆம்பியர்ல முடிஞ்சுரும். ஆனா ரிலே (லைட்டுக்குப் போற பெரிய கரன்ட் ஸ்விட்ச் வழியா போகாம பாத்துக்கற பார்ட்) வெச்சு 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு வயரிங் பண்ணிட்டா ஹாலஜனும் ஒண்ணும் பண்ணாது, ஸ்விட்ச் சூடாகறதெல்லாம் ரிலே இல்லாம நேரா இழுத்து விடற வண்டிலதான்.

ரெண்டாவது வழிய நான் ரொம்ப யோசிக்காம ஒதுக்குனதுக்கு காரணம் கட்-ஆஃப், அதாவது வெளிச்சம் மேல போகாம வெட்டுன மாதிரி நிக்கற கோடு. ஃபாக் லைட்டோட வேலையே தூரமா அடிக்கறது இல்லைங்க, கீழ அகலமா அடிச்சு ரோட்டோரத்தையும் வெள்ளக் கோட்டையும் காட்டறது. வெளிச்சம் கொஞ்சம் மேல போனாலும் மூடுபனில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வந்து எதிர்ல வெள்ளத்துணி கட்டி விட்ட மாதிரி ஆயிரும். ஹாலஜன் ஹவுசிங்ல இருக்கற ரிஃப்ளெக்டர வளைச்சதே அந்த சின்ன ஃபிலமென்ட் இருக்கற எடத்துக்கு கணக்கு போட்டுத்தான், அதுல ரெண்டு பக்கமும் சிப் ஒட்டுன எல்ஈடிய சொருகினா வெளிச்சம் கண்ட பக்கம் சிதறும், எதிர்ல வர்ற பஸ் டிரைவர் டிப் அடிச்சே நம்மள திட்டுவாரு. இன்னொரு விஷயம், ஹாலஜன் சூடு முன்பக்கமா கண்ணாடிக்கு வரும், மழைல உள்ள லேசா ஆவி படிஞ்சாலும் கொஞ்ச நேரம் எரிய விட்டா காஞ்சுரும். எல்ஈடி சூடு பின்னாடி ஹீட்சிங்க், ஃபேன் பக்கம் போயிரும், கண்ணாடி ஈரமாவே நிக்கும்.

மஞ்ச கலர் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். மஞ்ச வெளிச்சம் பனிய கிழிச்சுட்டு போகும்னு கடைல அடிச்சு சொல்லுவாங்க, அதுல சாரம் கம்மி. மூடுபனித் துளி ஒளி அலைநீளத்த விட ரொம்ப பெருசு, அதனால எல்லா கலரையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நான் மஞ்ச போட்டது எனக்கு கண்ணு கூசாம இருக்குங்கறதுக்கு மட்டும்தான். வித்தியாசம் தெரியறது லைட் எவ்ளோ கீழ இருக்கு, கட்-ஆஃப் எவ்ளோ சுத்தமா இருக்குங்கறதுல.

இப்போ எனக்கு முடிவு பண்ணிக் குடுத்த விஷயத்துக்கு வர்றேன், அது உதிரி. அதாவது ஒண்ணு போச்சுன்னா என்ன மாத்தணும்? ஃபாக் லைட் இருக்கற எடம் எதுன்னு பாருங்க, பம்பர்ல அடில, முன்னாடி போற லாரி தெறிக்கற கல்லு மொதல்ல படற எடம், மழைல தண்ணி அடிக்கற எடம், பார்க்கிங்ல எவனாச்சும் இடிச்சா மொதல்ல ஒடையற எடமும் அதான். ஹாலஜன் செட்ல பல்ப் போச்சா, எந்த ஊரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைலயும் சில நூறு ரூபாய்க்கு கெடைக்கும், கோத்தகிரிலயே வாங்கி மாட்டிக்கலாம். கண்ணாடி ஒடஞ்சா அந்த ஒரு பக்க லைட்ட மட்டும் ஸ்பேர்ஸ் கடைல பார்ட் நம்பர் சொல்லி வாங்கிக்கலாம், அந்த மாடல் ரோட்ல ஓடற வரைக்கும் டூப்ளிகேட்டாவது வந்துட்டு இருக்கும்.

த்ரீ-இன்-ஒன் செட்ல அப்படி இல்லைங்க. எல்லாத்தையும் ஒட்டி சீல் பண்ணி வெச்சிருப்பாங்க, டிஆர்எல் பட்டைல நாலு சிப் மங்கிருச்சுன்னா கூட அத மட்டும் மாத்த வழியில்ல, மொத்த ஃப்ரேமும் போகணும். ஒரு பக்கம் மட்டும் தருவானான்னா தர மாட்டான், ஜோடியாத்தான் விப்பான். அடுத்த வருஷம் போய் கேட்டா அந்த டிசைனே இருக்காது, புதுசா வேற வளைவு வந்திருக்கும். சென்னைல ஜி.பி. ரோடு பூரா தேடினாலும் அதே வெள்ளைல, அதே வளைவுல ஒத்தைப்பக்கம் கெடைக்கறது குதிரைக்கொம்பு. சீலிங்ல ஈரம் பூந்துச்சுன்னா சில பேரு ஹேர் டிரையர்ல சூடு பண்ணி பிரிச்சு சிலிக்கான் போட்டு ஒட்டுவாங்க, நல்லா பண்றவங்க கைல நிக்குது, மத்தவங்க கைல அடுத்த ஐப்பசிக்கு திரும்பவும் ஆவி வந்துருது.

புரொஜெக்டர் ஃபாக்க நான் சொந்தமா வெச்சிருந்ததில்ல, மச்சான் வண்டில மலை ஏறினதோட சரி. கட்-ஆஃப் கத்தி மாதிரி சுத்தமா இருந்துச்சு, அத மறுக்க முடியாது. ஆனா அவன் வண்டில இருக்கறது யுனிவர்சல் பிராக்கெட், நாலு வேகத்தடை ஏறி எறங்கினா வலது பக்கம் மேல தூக்கிக்குது. உங்க மாடலுக்கே பிராக்கெட் இருந்து, அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவும் இருந்தா என் பேச்ச அப்படியே எடுத்துக்காதீங்க. எது மாட்டினாலும் 5 மீட்டர் தள்ளி செவுத்து முன்னாடி நிறுத்தி, வெளிச்சத்தோட மேல் விளிம்பு லைட் உயரத்துல இருந்து 10 சென்டிமீட்டர் கீழ விழற மாதிரி வைங்க.

சட்டம் பக்கம் பாத்தா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்தத மாத்தறத கட்டுப்படுத்துது, 2019 திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம்னு சேத்தாங்க. மேல் வேரியன்ட்ல வர்ற அதே லைட்ட மாட்டியிருந்தா நிறுத்திக் கேட்டா பேச ஒரு நியாயமாவது இருக்கும், நீலமும் சிவப்பும் ஓடற டிஆர்எல்லுக்கு என்ன சொல்றது? வாரன்டிக்கும் இதே கததான், கப்ளர்ல சொருகற வயரிங் கிட் வாங்குங்க, ஒரிஜினல் வயர வெட்ட விடாதீங்க.

டிஆர்எல் நான் விட்டதுக்கு வேற பெரிய காரணம் இல்ல, பகல்ல மலைல லோ பீம் போட்டுக்கறேன், அது போதுது. ஐரோப்பால 2011ல இருந்து புது மாடல் காருக்கு கட்டாயம், பகல்ல எதிர்ல வர்றவன் நம்மள முன்னாடியே பாக்கறான்ங்கற பயன் நெஜம்தான். வேணும்னா தனி டிஆர்எல் போடுங்க, ஃபாக்கோட சேத்து வேண்டாம், அப்பதான் ஒண்ணு போனா இன்னொண்ணு தப்பிக்கும். ஹெட்லைட் போட்டதும் அதுவா அணையணும், இல்ல மங்கணும், அதுக்கு தனியா ஒரு சென்ஸ் வயர் வரும், எலக்ட்ரீசியன் சோம்பேறித்தனத்துல அத டேப் சுத்தி விட்டுருவாரு, பக்கத்துலயே நில்லுங்க. பேட்டரில நேரா குடுத்து வோல்டேஜ் ஏறினா எரியற மாட்யூல் இருக்கே, அது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (வோல்டேஜ தேவைக்கு ஏத்தி எறக்கற ஆல்டர்னேட்டர்) இருக்கற வண்டில ஓடும்போதே அணைஞ்சு அணைஞ்சு எரியும், இக்னிஷன் லைன்ல குடுக்கச் சொல்லுங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடைலயே ரெண்டு பக்க டிஆர்எல்லையும் கொஞ்ச நேரம் எரிய விட்டு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, ஒண்ணு நீல வெள்ளையாவும் இன்னொண்ணு பால் வெள்ளையாவும் இருந்தா அங்கயே மாத்திக் கேளுங்க, பம்பர மாட்டினதுக்கப்புறம் போனா கடைக்காரர் முகத்தையே திருப்பிக்குவாரு.