குடிநீர் இணைப்புக்கு 48,000 கொடுத்துத் திருட்டுப் பட்டம் வாங்கினேன்

நேற்று முன்தினம் காலை எட்டரை மணிக்குக் குடிநீர் அலுவலகத்து ஆட்கள் வந்து என் வீட்டு இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தோண்டிய பள்ளம் இன்னும் வாசலில் வாயைப் பிளந்து கிடக்கிறது. அந்த இணைப்புக்கு நான் கொடுத்தது 48,000. அதில் தண்ணீர் வந்தது பதினோரு நாள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். புது இணைப்பு வாங்கப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நான் எப்படி ஏமாந்தேன் என்பதைக் கேளுங்கள்.

வீடு கட்டி முடித்து ஆறு மாதம் ஆகிறது. இணைப்புக்கு உரிமம் பெற்ற பிளம்பர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அந்த விதியில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. தெருவில் ஓடும் பிரதானக் குழாயைக் கண்டவர்களெல்லாம் துளைக்க விட்டால், ஒருவர் வீட்டு மோசமான இணைப்பு தெருவுக்கே கழிவைக் கலந்துவிடும். உரிமம் என்பது அதற்குத்தான். ஆனால் உரிமம் வைத்திருக்கும் பிளம்பரை எங்கே தேடுவது? இந்த இடத்தில்தான் புத்தியைக் கடன் கொடுத்தேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்று. பெயரைச் சொன்னால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் சொல்லப் போவதில்லை. அதில் ‘உரிமம் சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் ஒரு முத்திரையோடு ஒரு பிளம்பரின் படம் இருந்தது. செயலி வழியாக முன்பதிவுக்கு 3,000 கட்டினேன். மறுநாளே வந்துவிட்டான்.

வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேரே தெருவுக்குப் போனான். பையிலிருந்து நீளமான திருப்புளி ஒன்றை எடுத்தான். தெருமுனை வால்வின் தண்டு மேல் அதன் நுனியை ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அரை நிமிடம் இருக்கும். பிறகு நிமிர்ந்து, “தண்ணீர் நன்றாக ஓடுகிறது அக்கா. நீங்களும் கேட்டுப் பாருங்கள்” என்றான். நானும் குனிந்து காதை வைத்தேன். எங்கோ தூரத்தில் மழை பெய்வதைப் போல ஒரு இரைச்சல். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடமே நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு தொழில் தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? தொழில் தெரிந்தவன்தான் இவ்வளவு சுத்தமாக ஏமாற்ற முடியும் என்பது இப்போது தெரிகிறது.

உரிம அட்டையைக் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று யாரும் திட்ட வேண்டாம். சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். முத்திரை இருந்தது, எண் இருந்தது, அலுவலகத்தின் பெயர் இருந்தது. புகைப்படம் இருந்த மூலையில் அவனுடைய கட்டை விரல் இருந்தது. அட்டையை அப்படித்தானே பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, “இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் அக்கா, வேலை தொடங்கும்போது கொடுங்கள்” என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனுக்கு 45,000 கொடுத்தேன் என்று சொல்லலாம். பணத்தைப் பிடுங்குகிறவன் முதல் நாளே பிடுங்குவான் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

மூன்றாம் நாள் வந்து கணக்குச் சொன்னான். அலுவலகக் கட்டணம் 20,000. சாலையை வெட்டும் அனுமதிக்கு 10,000. குழாய், மீட்டர், கூலி எல்லாம் சேர்த்து 15,000. செயலி வழியாகக் கட்டினால் வரியும் தரகும் போகும், கையில் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம் என்றான். கொடுத்தேன். சொத்துப் பத்திர நகலையும் வாங்கிக்கொண்டு, “விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் வெயிலில் அலைய வேண்டாம்” என்றான். ரசீது? “இணைப்பு கொடுத்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தருவார்கள் அக்கா.”

வேலை நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்துக்கு விடுமுறை. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். இந்த இரண்டையும் அவன் கணக்குப் போட்டுத்தான் அந்த நாளைக் குறித்திருக்கிறான் என்பது இப்போது புரிகிறது. காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிட்டான். என் வாசலை ஒட்டி, பக்கத்து வீட்டு மதில் ஓரமாக ஓரடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். சாலையில் ஒரு கல் கூடப் பெயரவில்லை.

“சாலையை வெட்டவில்லையே தம்பி?” என்று கேட்டேன். “பிரதானக் குழாய் இந்தப் பக்கமே வருகிறது அக்கா, வெட்டத் தேவையில்லை.” அப்படியானால் அந்த 10,000? “அனுமதிக்குக் கட்டியது கட்டியதுதான், திரும்ப வராது.” வந்த பதிலின் வேகத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புது மீட்டர் என்று பொருத்தினான். கண்ணாடிக்கு உள்ளே ஈரம் கோத்து மங்கலாக இருந்தது. சேலை முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பனி உள்ளே இருந்தது. கறுப்பு எண்கள் 00312 என்று காட்டின. புதிது என்றால் சுழியத்தில் அல்லவா இருக்க வேண்டும் என்றேன். “தொழிற்சாலையில் சோதனைக்கு ஓட்டுவார்கள் அக்கா” என்றான். கறுப்பு எண்ணில் ஒன்று கூடினால் ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் என்று நேற்றுத்தான் ஓர் ஊழியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர் ஓட்டியா ஒரு மீட்டரைச் சோதிப்பார்கள்? எந்த வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தானோ. மீட்டரின் இரு முனையையும் இணைத்து ஒரு கம்பியும் முறுக்கிவிட்டிருந்தான். அதுதான் சீல் என்றான். கம்பியின் முடிச்சில் இருக்க வேண்டிய, அச்சு பதித்த ஈய வில்லை இல்லை. வெறும் கம்பி.

ஆனால் தண்ணீர் வந்ததே! குழாயைத் திறந்ததும் பீய்ச்சி அடித்தது. ஆறு மாதமாகத் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தவளுக்கு அதைப் பார்த்த பிறகு ரசீதும் கம்பியும் கண்ணில் படுமா? செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘நேர்மையான மனிதர்’ என்று என் கையாலேயே எழுதினேன். அந்தப் பாராட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அழிக்க விடமாட்டேன் என்கிறது செயலி. அதை நம்பி இன்னும் எத்தனை பேர் போனார்களோ.

பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பினார். இரண்டே நாளில், தன் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார். ஆய்வாளர் வந்தார். அவர் வீட்டு மீட்டர் சரி, வால்வு சரி. மதில் ஓரம் புது மண்ணைப் பார்த்ததும் தோண்டச் சொன்னார். பிரதானக் குழாயிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் குழாயை, மீட்டருக்கு முன்னாலேயே அறுத்து, நடுவில் மூன்று வாய் உள்ள ஒரு ‘T’ வடிவ மூட்டு போட்டு, அதிலிருந்து என் வீட்டுக்கு இழுத்திருந்தான்.

ஆய்வாளர் என்னைப் பள்ளத்தருகே கூப்பிட்டுக் காட்டினார். மூட்டைச் சுற்றி சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருந்தான். அதன் கீழே மண் கறுத்து, சேறாக, நாற்றம் அடித்தது. இரண்டடி தள்ளிக் கழிவுநீர்க் குழாய். “தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும் அம்மா. அப்போது இந்தக் கசிவு வெளியே வராது, வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும்” என்றார். பதினோரு நாள் அதைத்தான் நாங்கள் குடித்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தையும் குடித்திருக்கிறது. இதை எழுதும்போதும் வயிற்றைப் புரட்டுகிறது.

அலுவலகத்தில் பார்த்தால் என் பெயரில் விண்ணப்பமே இல்லை. ஒரு காசு கட்டப்படவில்லை. உரிம எண் உண்மையானது, ஆனால் அது வேறொருவருடையது. அட்டை எப்படி இவன் கைக்கு வந்தது என்று விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அனுமதியற்ற இணைப்பு என்று அபராத நோட்டீஸ் வந்தாயிற்று. நான் ஏமாந்தவள் என்று எவ்வளவு சொல்லியும், “தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தானே வந்தது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அவனை அழைத்தேன். முதல் முறை, “அலுவலகத்தில் கணினி வேலை செய்யவில்லை, அதனால்தான் உங்கள் பெயர் வரவில்லை” என்றான். மாலையில் அழைத்தபோது, அதிகாரி விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை சரியாகிவிடும் என்றான். 48,000ஐத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் காவல் நிலையம் போவேன் என்றதும் குரல் மாறியது. அதுவரை அக்காவாக இருந்தவள் ஒரே நொடியில் மேடம் ஆனேன். “மேடம், நீங்கள் எனக்குப் பணம் கொடுத்ததற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா மேடம்?” அதற்குப் பிறகு அந்த எண் மணியே அடிப்பதில்லை.

செயலிக்காரர்கள் அவனைவிட மரியாதைக்காரர்கள். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கும் பதில் நான்கு முறை வந்தது, ஒரு எழுத்து மாறாமல். உரிமம் சரிபார்க்கப்பட்டது என்று பச்சை முத்திரை போட்டீர்களே, யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டேன். அட்டையின் படத்தைப் பதிவேற்றினால் முத்திரை தானாக வந்துவிடுமாம். 45,000 தங்கள் வழியாகப் போகவில்லை, அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சரி, உங்கள் வழியாக வந்த 3,000? ‘சேவை நிறைவடைந்து ஐந்து நட்சத்திரம் வழங்கப்பட்டுள்ளதால் திருப்பித் தர இயலாது.’ என் நட்சத்திரத்தை எடுத்து என் தலையிலேயே போட்டார்கள். ஆறுதலாக, அடுத்த முன்பதிவில் 500 தள்ளுபடி தருவதாகக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். நேற்று இரவு பார்த்தால் ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று ஒரு செய்தி.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் என் கைக்கு வந்த ஒரே ரசீது அதுதான்.

விரிவாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன், எழுதித் தீர்ப்பதற்குள் தெம்பு போய்விட்டது. மனதில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். அலுவலகக் கட்டணத்தைப் பிளம்பர் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே போய்க் கட்டி உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். விண்ணப்ப எண் கைக்கு வராமல் மண்ணில் கடப்பாரை படக்கூடாது. உரிம எண்ணை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், அட்டையை உங்கள் கையில் வாங்கிப் படத்தைப் பாருங்கள். இடத்தைப் பார்வையிட அலுவலகத்திலிருந்து யாரும் வராமல் இணைப்பு வந்தால் அது இணைப்பே இல்லை. விடுமுறை நாளில் வேலை வேண்டவே வேண்டாம். மீட்டரின் எண்ணைப் பாருங்கள், ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் இருக்கிறது, இப்போது நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. இன்று காலை அவர் மனைவி மட்டும் மதிலுக்கு மேலே ஒரு குடம் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். காலிக் குடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் இன்னும் வாசலிலேயே வைத்திருக்கிறேன்.