சாதா சக்கரா, பிரிஸ்டில்நோஸா?

சேலத்து வண்ணமீன் கடைகளில் 'தொட்டிப் பாசி தின்னும்' என்று கொடுப்பது பெரும்பாலும் சாதா சக்கர் மீன்தான். சக்கர், பிரிஸ்டில்நோஸ் இரண்டுமே தென்னமெரிக்க மீன்கள்.

விலை: சக்கர் மலிவு.

வளர்ச்சி: சக்கர் 1 அடியைத் தாண்டும், கழிவும் அதற்கேற்ப. பிரிஸ்டில்நோஸ் 5 அங்குலத்தில் நின்றுவிடும்.

குஞ்சு: சக்கர் ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து முட்டையிடுவது, வீட்டுத் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள். பிரிஸ்டில்நோஸுக்கு ஒரு கொட்டாங்குச்சியோ பைப் துண்டோ போதும். முகத்தில் முள்மீசை வைத்த ஆண்தான் உள்ளே கிடந்து, துடுப்பால் விசிறி முட்டைகளைக் காக்கும். (அம்மா கவலைப்படாமல் மேயப் போய்விடும்!) குஞ்சுகளுக்கு வேகவைத்த சுரைக்காய், கடிக்க மரக்கட்டை.

ஏற்காட்டுக் குளிரில் இரண்டுக்கும் ஹீட்டர் வேண்டும்.

பெரிய சிமென்ட் தொட்டி இருந்தால் சக்கர். ஹால் தொட்டிக்கும் குஞ்சு எடுக்கவும் பிரிஸ்டில்நோஸ். சக்கர் பெருத்துவிட்டதென்று சேலத்து மூக்கனேரி ஏரியில் மட்டும் விடாதீர்கள்.