ஈரத்துக்கா, குளிருக்கா: பனிநாட்டு வேட்டைக்கு ஏற்ற பார்க்கா எது?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் முந்தைய தலைமுறை வளைகுடாவுக்குப் பெட்டி கட்டியது. இப்போதைய பிள்ளைகளில் சிலர் கனடாவுக்கும் நார்வேக்கும் பின்லாந்துக்கும் கட்டுகிறார்கள். அங்கே வேலையில் அமர்ந்தவர்களில் ஓரிருவர், உடன் பணிபுரிபவர்களோடு சேர்ந்து, உரிய பயிற்சியும் உரிமமும் பெற்று, இலையுதிர்காலத்தில் வாத்து வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் போகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "காக்கா (அண்ணா), குளிருக்கும் மழைக்கும் சேர்த்து நீர்புகாத டவுன் பார்க்கா ஒன்று வாங்கிவிட்டால் போதாதா?" பார்க்கா என்பது தலைமூடியுள்ள தடித்த குளிர்கோட்டு; டவுன் என்பது அதற்குள் அடைக்கும் பறவைத் தூவி. பெரும்பாலோருக்குப் போதாது என்பதே என் பதில். ஏன் போதாது, யாருக்கு மட்டும் போதும் என்பதை விளக்கத்தான் இந்த ஒப்பீடு.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. குளிர்காலத்தில் நம் மாவட்டத்துக் கண்மாய்களுக்கு வந்து இறங்கும் ஊசிவால் வாத்தும், கனடாவின் சதுப்புகளில் பருவமும் எண்ணிக்கையும் வரையறுத்துச் சுட அனுமதிக்கப்படும் ஊசிவால் வாத்தும் ஒரே இனந்தான். இங்கே அதைத் தொலைநோக்கியால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எனவே கீழே வருவதெல்லாம் அந்த நாடுகளின் குளிருக்கும் அந்த நாடுகளின் சட்டத்துக்கும் உட்பட்டவை.

கடைகளில் மூன்று வழிகள் கிடைக்கின்றன. முதலாவது, வாத்து அல்லது கூஸ் வாத்தின் மார்புத் தூவியை உள்ளே அடைத்து, வெளியே நீர்புகாத சவ்வுத் துணியைப் போர்த்திய டவுன் பார்க்கா. இரண்டாவது, தூவிக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் இழைப் பஞ்சை வைத்துத் தைத்த நீர்புகாத பார்க்கா. மூன்றாவது, ஒரே கோட்டாக இல்லாமல், கம்பளி உள்ளாடை, நடுவே மெல்லிய டவுன் சட்டை, மேலே தனியாக ஒரு மழைச்சட்டை என்று அடுக்கிக்கொள்ளும் முறை. தடித்த கம்பளிக் கோட்டு மட்டும் போதும் என்று வாதிடும் பழைய வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். கம்பளி சத்தமே எழுப்பாது, சற்று நனைந்தாலும் கொஞ்சம் வெப்பத்தைத் தக்கவைக்கும், ஆனால் எடை மிகுதி, முழுக்க நனைந்தால் காய நெடுநேரமாகும் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

தூவி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அது தன் நுண்ணிழைகளுக்கிடையே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. அந்த அசையாக் காற்றுதான் உடலின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. ஆகவே ஒரு பார்க்காவின் தரத்தை அதன் உப்பலை வைத்தே அளக்கிறார்கள். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதே 'ஃபில் பவர்' என்ற எண். 550, 600 என்றால் நடுத்தரம், 800க்கு மேல் உயர்தரம். இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது, உள்ளே எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 600 எண்ணுள்ள தூவி 200 கிராம் விரியும் அளவும், 800 எண்ணுள்ள தூவி 150 கிராம் விரியும் அளவும் ஏறத்தாழ ஒன்றே: இரண்டும் சுமார் 4,200 கன அங்குலம். பின்னதில் 50 கிராம் எடை குறைகிறது, விலையோ நன்றாகவே ஏறுகிறது. முதுகுப்பையில் சுமந்து மலையேறுபவருக்கு அந்த 50 கிராம் பெரிது. காரிலிருந்து இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்து போய்ப் பரணில் உட்காருபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கிராம் கணக்கைச் சொல்லாமல் 800 என்று மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கும் கோட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

தூவியின் பகை நீர். நனைந்ததும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, உப்பல் சரிந்து, காற்று இருந்த இடத்தில் நீர் நிற்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நீர்விலக்கும் பூச்சுக் கொடுத்த தூவி இப்போது பரவலாக வருகிறது. அது நனைவதைத் தாமதப்படுத்தும், காய்வதைச் சற்று விரைவாக்கும், அவ்வளவுதான். அதை நம்பி மழையில் உட்கார முடியாது. இந்தக் குறையை மறைக்கத்தான் மேலே நீர்புகாத சவ்வு வருகிறது. அமெரிக்காவில் பாப் கோர் 1969இல் பிடிஎஃப்இ என்னும் பிளாஸ்டிக்கை (டெஃப்லான் என்று நாம் அறிந்தது) விரைந்து இழுத்து நுண்துளைச் சவ்வாக்கக் கண்டறிந்தார். 1970களின் பிற்பாதியிலிருந்து அது உடைகளில் வந்தது. துளைகள் நீர்த்துளியை விடாத அளவுக்குச் சிறியவை, நீராவியை விடும் அளவுக்குப் பெரியவை என்பது அதன் தத்துவம். சவ்வின் தாங்குதிறனை நீர்த்தூணின் உயரமாகச் சொல்வார்கள்: 10,000 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும். நின்றுகொண்டு நனைவதற்கு அது போதும். ஈரத் தரையில் முழங்காலிட்டும் சாய்ந்தும் கிடக்கும் வாத்து வேட்டைக்கு 20,000 இருந்தால் நல்லது. துணியைவிடத் தையலில்தான் நீர் முதலில் கசியும் என்பதால், கோட்டை உள்வெளியாகத் திருப்பி, தோளிலும் தலைமூடி சேரும் கழுத்திலும் ஒட்டுப்பட்டை இடைவெளியின்றி ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சில கோட்டுகளில் முக்கியமான தையல்களுக்கு மட்டும் பட்டை ஒட்டிவிட்டு 'நீர்புகாதது' என்று எழுதியிருப்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், நீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பாக் நீரிணையில் மழை இரவில் நாட்டுப்படகில் வலை இழுப்பவர்கள் ரப்பர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, மழையில் நனையாமல் வேர்வையில் நனைந்து கரையேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். சவ்வுத் துணி ரப்பர் அல்ல என்றாலும், பனிக்குள் கால் புதைய ஏற்றத்தில் நடக்கும் மனிதன் வெளியிடும் ஆவி முழுவதையும் அதனால் உடனுக்குடன் வெளியேற்ற முடியாது. கடுங்குளிரில் நிலைமை இன்னும் மோசம்: ஆவி வெளித்துணியை எட்டும் முன்பே குளிர்ந்து தூவிக்குள் உறைகிறது. நடக்கும்போது இது தெரியாது. போய் உட்கார்ந்து அரைமணி நேரம் கழித்து முதுகு சில்லிடத் தொடங்கும்போதுதான் தெரியும். நீர்புகாத டவுன் பார்க்காவைப் போட்டுக்கொண்டு நடப்பது, என்னைக் கேட்டால், அதைக் கெடுப்பதற்கு மிக எளிய வழி.

இப்போது வெப்பநிலையை நோக்கிப் பார்த்தால் விடை தெளிவாகும். பூஜ்யத்தை ஒட்டி, கூட்டிக் குறைத்து ஐந்து டிகிரி வரையுள்ள குளிரில்தான் மழையும் ஈரப்பனியும் பனிக்கட்டித் துகளும் கலந்து பெய்யும். ஏரிக்கரை நாணலுக்குள் ஒளிந்திருக்கும் வாத்து வேட்டைக்காரர் சந்திப்பது இந்த ஈரக் குளிரை. அங்கே நீர்புகாமை இன்றியமையாதது, ஆனால் தூவி வேண்டாத துணை. படகின் விளிம்பில் சாய்ந்து, கையை மணிக்கட்டு வரை நீரில் விட்டு, வாத்துகளை ஈர்க்க மிதக்கவிட்ட போலி வாத்துகளை எடுக்கும்போது கைப்பட்டி வழியாக நீர் ஏறிவிடும். எந்தச் சவ்வாலும் அதைத் தடுக்க முடியாது. மாறாக −15 டிகிரிக்குக் கீழே பனி மாவாக உலர்ந்து கிடக்கிறது, தட்டினால் உதிர்ந்துவிடும். அங்கே மழை இல்லை, ஆகவே மழைச் சவ்வுக்குப் பெரிய வேலையும் இல்லை. வேண்டியது காற்றுத்தடை: −20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது −33 போல உறைக்கும். நெருக்கமாக நெய்த, காற்றுப் புகாத, ஆனால் தாராளமாக மூச்சுவிடும் துணி போர்த்திய சாதாரண டவுன் பார்க்கா இந்த இடத்தில் நீர்புகாத பார்க்காவைவிட மேலானது, பெரும்பாலும் மலிவானதும்கூட. இரண்டும் ஒருங்கே தேவைப்படும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு குறுகிய பட்டைதான்: −5 முதல் −12 வரையிலான குளிரில், கனத்த பனி விழுந்துகொண்டிருக்க, அசையாமல் பல மணி நேரம் பரணில் உட்காரும் மான் வேட்டை.

செயற்கைப் பஞ்சுக்கு நம்மவர்களிடம் மரியாதை குறைவு. 'அது ஏழைகளின் டவுன்' என்ற எண்ணம் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1980களில் தூவிக்கு மாற்றுத் தேடியபோது கேட்டதே, நனைந்தாலும் சரியாத பஞ்சைத்தான். பிரைமாலாஃப்ட் என்னும் செயற்கைப் பஞ்சு அப்படிப் பிறந்தது. அந்தப் பஞ்சின் இழைகள் நீரை உறிஞ்சுவதில்லை, ஆகவே கோட்டைப் பிழிந்து உதறிப் போட்டுக்கொண்டால் மீண்டும் ஓரளவு வெப்பம் தரும். அதே வெப்பத்துக்கு எடையும் பருமனும் கூடுதல் என்பதும், ஆண்டுக்கணக்கில் பெட்டியில் அமுக்கி வைத்தால் பஞ்சு தட்டையாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் ஈரக் குளிரில் வாத்து வேட்டைக்குப் போகிறவர் அதையே வாங்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அடுக்கு முறை சோம்பேறிகளுக்கானதல்ல. நடக்கும்போது டவுன் சட்டையைப் பையில் வைத்து, கம்பளி உள்ளாடையும் மழைச்சட்டையும் மட்டும் அணிந்து, போய்ச் சேர்ந்து மூச்சு அடங்கியபின் உள்ளே டவுனைப் போட வேண்டும். காற்றில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும் பொறுமை இருப்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. அடியில் பருத்திப் பனியன் மட்டும் கூடவே கூடாது. ஊரில் வேர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும் அதே குணம் அங்கே எதிரியாகிவிடும். மேலே போடும் மழைச்சட்டை ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது தூவியை அமுக்கி, காசு கொடுத்து வாங்கிய உப்பலைத் தானே அழித்துவிடும்.

குளிர் ஒருபுறமிருக்க, வேட்டைக்கென்றே சில தேவைகள் உண்டு. சவ்வு ஒட்டிய நைலான் துணி குளிரில் விறைத்து, கையைத் தூக்கும்போதெல்லாம் சரசரக்கும். வில்லோடு மிக அருகில் காத்திருப்பவருக்கு அந்த ஓசை போதும், மான் போய்விடும். வெளிப்புறம் மென்மயிர் எழத் தேய்த்த ஃபிளீஸ் போன்ற துணியைக் கேட்டு வாங்க வேண்டும், அது சற்று நீர் பிடித்து எடை ஏறும் என்றாலும். பருமனான தோளில் துப்பாக்கிக் கட்டை சரியாகப் பதியாது, தடித்த கையில் வில்நாண் உரசும். கடையிலேயே குறி பார்ப்பது போல் கையை உயர்த்தி, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் தலைமூடியும் சேர்ந்து திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் துணியின் உட்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும். முட்புதர் அடர்ந்த காட்டில் மெல்லிய துணி கிழிந்து தூவி பறக்கும். நிறத்தைப் பொறுத்தவரை சட்டத்தை மீற இயலாது: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மானைத் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலமும் தலையிலும் பளிச்சென்ற செம்மஞ்சள் இருக்க வேண்டும். விலையுயர்ந்த பார்க்காவை அந்த நிறத்தில் தேடி அலைவதைவிட, மேலே ஒரு மலிவான செம்மஞ்சள் மேலங்கி போடுவது நல்லது. மான் செம்மஞ்சளைப் பிரித்தறிவதில்லை, ஆனால் நீலத்தையும் புற ஊதாவையும் நன்றாகப் பார்க்கும். ஆகவே வெண்மையைக் கூட்டிக் காட்டும் சோப்புத்தூளில் துவைத்த கோட்டு அதன் கண்ணுக்கு மின்னும்.

நம் பிள்ளைகளின் உண்மை நிலை வேறு ஒன்றையும் சொல்ல வைக்கிறது. வேட்டை ஆண்டுக்குச் சில நாட்கள். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பது குளிர்காலம் முழுவதும். இரண்டு கோட்டுக்கு வசதியில்லாத முதல் ஆண்டு மாணவனுக்கு நீர்புகாத டவுன் பார்க்கா நியாயமான தேர்வுதான், காரணம் நகரத்தில் அவன் நடப்பது சிறிது தூரம், நிற்பது நெடுநேரம். ஏற்கெனவே நகரத்துக்கு ஒரு சாதாரண டவுன் பார்க்கா வைத்திருப்பவர் வேட்டைக்காக இன்னொன்று வாங்கவே வேண்டாம். அதன் மேல் போடத் தக்க தளர்வான, சத்தம் குறைந்த மழைச்சட்டை ஒன்று வாங்கினால் பரணுக்கு அது போதும். சதுப்புக்குப் போகிறவர் மட்டும் செயற்கைப் பஞ்சில் தனியாக ஒன்று வாங்கட்டும்.

கோடையில் ஊருக்கு வரும்போது கோட்டையும் கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நம் கரையின் உவர்க்கிணற்று நீர் தூவிக்கு ஆகாது, உப்புப் படிந்தால் இழை முறுகும். காவிரிக் கூட்டுக் குடிநீரிலோ சேமித்த மழைநீரிலோ, டவுனுக்கென்று விற்கும் திரவச் சோப்பை இட்டு, பலமுறை அலச வேண்டும். முறுக்கிப் பிழியாமல் அமுக்கி நீரை வடித்து, நிழலில் பரப்பி, மின்விசிறியின் கீழ் கட்டிகளைக் கையால் உடைத்தபடி இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். உலர்ந்துவிட்டது போலத் தோன்றினாலும் நடுவில் ஈரம் இருக்கும், அதுதான் பூசணம் பிடிக்கும் இடம். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த கோட்டைக் காட்டுக்குக் கொண்டுபோனால் வாடை மானுக்கு வெகு தொலைவிலேயே எட்டும்; அதற்குப் பதிலாக மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டிரம்மில், அமுக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தை பிறக்கும் வரை துவைக்கும் எண்ணமே வேண்டாம்.