தயாரிப்பு நின்ற கையடக்க ரேடியோவுக்கு மாற்று சார்ஜர்: எந்த வழி தேறும்?

பேசவும் கேட்கவும் உதவும் கையடக்க ரேடியோ (வாக்கி-டாக்கி) நன்றாக இருக்கிறது, பேட்டரியும் தாங்குகிறது. சார்ஜர் மட்டும் போய்விட்டது, கம்பெனியோ அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது என்ன வாங்கலாம் என்பதை மாடல் நம்பரைவிட, பேட்டரி பேக்கின் லேபிளில் இருக்கும் வகைதான் தீர்மானிக்கும்: நிக்கலா (Ni-Cd, Ni-MH), லித்தியமா (Li-ion)?

அதற்கு முன் ஒரு சோதனை. ரேடியோவை நிறுத்திவைத்து ஏற்றும் மேசை சார்ஜர் செத்துவிட்டது என்று தூக்கிப்போடும் பல சமயங்களில், செத்திருப்பது சுவரில் செருகும் அடாப்டர்தான். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் என்று அச்சிட்ட பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் சுமையில்லாமல் 16 வோல்ட் காட்டினால் அது கோளாறு இல்லை, வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத வகை அப்படித்தான். எதுவுமே காட்டாவிட்டால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். ஏசியா டிசியா, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதைப் பழைய லேபிளில் பார்த்து வாங்குங்கள். ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது.

அடாப்டர் நன்றாக இருந்தால் சார்ஜரைத் திறந்து பார்க்கலாம். விரிசல் விட்ட சால்டர், உப்பிய கெப்பாசிட்டர், கறுத்துப்போன தொடுமுனை என்றால் பழுது பார்ப்பதே மலிவு. போர்டு கருகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய ஒரிஜினலைத் தேடிப்பிடிப்பதைத்தான் பலரும் முதல் வழியாகச் சொல்வார்கள். என் கணக்கில் அதற்கு அவ்வளவு மதிப்பு இல்லை. உங்கள் சார்ஜரைக் கொன்ற அதே வயது அதற்கும் ஆகியிருக்கும். பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் கெப்பாசிட்டர் உலரத்தான் செய்யும். ஒரு விதிவிலக்கு உண்டு. பேக்கில் வெப்பம் அறியும் மூன்றாவது முனை இருந்து, சார்ஜர் அதைப் படித்து வேகமாக ஏற்றும் வகையாக இருந்தால், அந்த வேகம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரிஜினலே நல்லது.

வேறு கம்பெனிகளின் 'பொருந்தும்' சார்ஜரில் அச்சு பொருந்திவிடும், உள்ளே இருப்பதுதான் கேள்வி. 7.4 வோல்ட் லித்தியம் அயான் பேக் முழுதாக ஏறியதும் 8.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். முதல் முறை பக்கத்திலேயே இருந்து அளந்து பாருங்கள். அதைத் தாண்டினால் அந்த சார்ஜர் வேண்டாம். நிக்கல் பேக்குக்கான சார்ஜரை லித்தியத்தில் மாட்டுவது தீயை வரவழைக்கும் வேலை.

நிக்கல் பேக் வைத்திருப்பவர்களுக்குப் பல வகை பேட்டரிகளையும் ஏற்றும் ஹாபி சார்ஜர் நல்ல தேர்வு. 7.2 வோல்ட் பேக் என்றால் உள்ளே ஆறு செல். 1400 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு இருந்தால் 140 மில்லி ஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம். இதற்கு டைமர் போதும். பேக் நிரம்பியதும் வோல்டேஜ் லேசாக இறங்குவதை வைத்து சார்ஜர் தானாக நிற்குமே என்று இந்த மெதுவான வேகத்தில் நம்பக் கூடாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் அந்த இறக்கம் ஏற்கெனவே சிறியது, மெதுவாக ஏற்றும்போது கண்ணிலேயே படாது.

வயரை எங்கே பிடிப்பது என்பதுதான் தொல்லை. பல பேக்குகளில் சார்ஜ் முனை வேறு, ரேடியோவுக்கான முனை வேறு. சார்ஜ் முனையின் பாதையில் மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு இருந்தால் அங்கே மீட்டர் சுழி காட்டும். பேக் செத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்காக ரேடியோ முனை வழியாக ஏற்றினால், உள்ளே வெப்பத் தடுப்பு இருந்தாலும் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடக்கூடும்.

நிக்கல் காலத்து ரேடியோ என்றால் நான் முதலில் தேடுவது சார்ஜரையே அல்ல, பேக்குக்குப் பதிலாக மாட்டும் ஏஏ செல் பெட்டியை. ஐகாம் கம்பெனியின் ஐசி-வி8 ரேடியோவுக்கு வந்த பிபி-208 போல ஆறு செல் போடும் பெட்டி கிடைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் சாதாரண ஏஏ சார்ஜரே ரேடியோ சார்ஜர் ஆகிவிடுகிறது. சான்யோ 2005இல் கொண்டுவந்த எனெலூப் மாதிரி, வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் குறையாத செல்களைப் போடுங்கள். திரும்ப ஏற்ற முடியாத சாதாரண ஆல்கலைன் செல் புதிதாக ஆறு சேர்ந்தால் 9 வோல்ட் காட்டும்தான், ஆனால் 5 வாட்டில் பேசத் தொடங்கியதும் சரிந்துவிடும். ஆல்கலைன் இருக்கும்போது ரேடியோவில் சார்ஜ் வயரைச் செருகவும் கூடாது. பெட்டியில் தண்ணீர் புகாத பாதுகாப்பு இருக்காது, தட்டினால் ஸ்பிரிங் விலகி ரேடியோ அணையலாம். இரண்டே செல் போடும் சின்னப் பெட்டி என்றால் அனுப்பும் சக்தி வெகுவாகக் குறையும். கேட்பதற்கு மட்டும் சரி.

லித்தியம் பேக்குக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே என் வரிசை: அளந்து பார்த்துத் தேறிய பொருந்தும் சார்ஜர், அல்லது மாடல் பரவலாக விற்றதாக இருந்தால் யூஎஸ்பி-சி துளை உள்ள புது பேக். ஹாபி சார்ஜரைக் கடைசியில்தான் வைப்பேன். இரண்டு செல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்பு பல பேக்குகளில் வெளியே வராது, அதனால் செல்களைத் தனித்தனியாகக் கவனித்து ஏற்ற முடியாது.

எரிவாயு, பெட்ரோல் ஆவி உள்ள இடங்களுக்கென்று பாதுகாப்புச் சான்று பெற்ற ரேடியோவுக்கு மட்டும் ஏஏ பெட்டியும் வேறு கம்பெனி பேக்கும் கூடாது. பேக்கை மாற்றினால் அந்தச் சான்றே செல்லாது.