மக்களே ஆய்வாளராகும் பயிற்சி: ஆறு மாத அனுபவம்

உடல்நலத்திலும் வாழ்நிலையிலும் உள்ள ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்கும் நோக்குடன், அவற்றால் பாதிக்கப்பட்டவர்களையே ஆய்வாளர்களாக்கும் ஒரு பயிற்சிச் சேவையில் ஆறு மாதம் பங்கேற்றேன். மக்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதுமையடையும் சூழலே நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-இல் எடுத்துரைத்ததை ஏட்டளவில் அறிந்திருந்தேன். அதன் பொருள் இங்குதான் விளங்கியது.

கேள்வித்தாள் தயாரிக்கும் அமர்வே இச்சேவையின் உயிர்நாடி. "மருத்துவமனைக்கு ஏன் வருவதில்லை?" என்று நாங்கள் எழுதியிருந்ததை, வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா பென்சிலால் அடித்துவிட்டு, "வருகிற அன்று எதை இழக்கிறீர்கள்?" என்று மாற்றினார். குற்றம் சாட்டுவதுபோல் ஒலித்த கேள்வி அந்தத் திருத்தத்தால் மனிதத்தன்மை பெற்றது. அன்றைய கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, வரிசையில் கேட்க நேரும் கடுஞ்சொல் என்று மனம்திறந்த பதில்கள் வந்து குவிந்தன. பங்கேற்பாளர்களே தம் அன்றாடத்தைப் படமெடுத்து விவாதிக்கும், 1990-களில் உருவான ஒளிப்பட முறையையும் பொறுமையாகக் கற்பித்தார்கள்.

பகுப்பாய்வில்தான் ஏமாற்றம். தரவுகளை நிபுணர்கள் தனியே எடுத்துச்சென்று, முடிவுகளை மட்டும் எங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். முடிவெடுப்பதில் மக்களின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக 1969-இல் அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் விளக்கினார். அதில் கீழிருந்து நான்காம் படியான கலந்தாலோசனையிலேயே இவர்கள் நின்றுவிட்டார்கள். மதிப்பூதியமும் இரண்டு மாதம் தாமதமானது. நாள்கூலியை விட்டு வந்தவர்களுக்கு இது பெரும் சுமை, என்னால் ஏற்க இயலாதது.

பயிற்சிக்காக இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேர்வதற்கு முன், தரவு யாருக்கு உரியது, ஊதியம் எந்த நாளில் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.