எச்.சி.ஜி. ட்ரிக்கர் ஊசி: பொடி வாங்கலாமா, ரெடி சிரிஞ்ச் வாங்கலாமா?

கருமுட்டை முதிர்ந்து வெளியேற வேண்டுமானால், அதைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உடம்பில் சட்டென்று உயர வேண்டும். குழந்தைப்பேறு சிகிச்சையில் அந்த வேலையைத் தொடங்கிவைப்பது (ட்ரிக்கர்) எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோன் ஊசி, இரண்டும் செல்லின் மேலுள்ள ஒரே ஏற்பியில்தான் போய் ஒட்டும். இது இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று, கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த பொடி, 5000 அல்லது 10,000 யூனிட். மற்றது, ஓவிட்ரெல் போல, செல் வளர்ப்பில் தயாரித்து சிரிஞ்சிலோ பேனாவிலோ அடைத்தே வரும் 250 மைக்ரோகிராம். சுமார் 6500 யூனிட்டுக்குச் சமம் என்பதால், எண் சிறிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

பலனில் இரண்டும் ஒன்றுதான். பொடி விலை குறைவு. நர்ஸ் போட்டுவிடுவார் என்றால் பொடியே போதும், கூடுதல் காசு தேவையில்லை. ராத்திரி நேரத்தில் வீட்டில் தானே போட்டுக்கொள்பவர்கள் ரெடி சிரிஞ்ச் வாங்குவதே நல்லது. காரணம், பொடியில் தப்பு நடக்க இடம் அதிகம்.

5000 யூனிட் பொடி ஆம்பூலோடு (சிறு கண்ணாடிக் குப்பி) அதைக் கரைக்கும் 1 மி.லி. திரவ ஆம்பூல் ஒன்று வரும். கழுத்தில் துணி சுற்றி, புள்ளி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக உடைக்க வேண்டும். பச்சை நிற 21 கேஜ் ஊசியால் திரவத்தை இழுத்து, பொடியின் மேல் பீய்ச்சாமல் கண்ணாடிச் சுவரோரமாக வழியவிடுங்கள். குலுக்கினால் நுரை கட்டும், அளவு குறைந்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினாலே கரைந்துவிடும். 10,000 யூனிட் எழுதிக் கொடுத்திருந்தால், முதல் ஆம்பூலில் கரைத்த அதே 1 மி.லி.யை இரண்டாவது பொடியிலும் விட்டுக் கரைக்கலாம், இரண்டு தடவை குத்த வேண்டாம். பிறகு ஊசியை மாற்றித்தான் போட வேண்டும். கலக்கிய ஊசி மழுங்கியிருக்கும், கண்ணாடித் துகளும் ஒட்டியிருக்கலாம். பொடி வகையைப் பெரும்பாலும் தசையில் போடச் சொல்வார்கள். தோலுக்கடியில் போடலாமா என்பதை உள்ளே இருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய விபத்து வேறொன்று உண்டு: பொடியைக் கலக்காமல் வெறும் திரவத்தை மட்டும் போட்டுக்கொள்வது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் முட்டை எடுக்கப் போகும்போது நுண்குமிழ்களில் (முட்டை வளரும் சிறு பைகள்) ஒன்றுமே கிடைக்காமல் போவதற்கு இது தெரிந்த காரணம். சந்தேகம் வந்தால் மறுநாள் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் சிறுநீர் விட்டுப் பாருங்கள். மருந்து உள்ளே போயிருந்தால் இரண்டு கோடு வரும். வராவிட்டால் உடனே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

ரெடி சிரிஞ்சில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வையுங்கள், சில்லென்று இருந்தால் எரியும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளித் துடைத்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு, தோலை மடித்துப் பிடித்துக் குத்த வேண்டும். பேனா என்றால் குமிழை முழுக்க அழுத்தி, குறைந்தது 5 விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். சட்டென்று உருவினால் மருந்து வெளியே சொட்டும். பேனாவில் அளவு காட்டும் இடத்தில் 0 வந்ததா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது. 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 30 நாள் வரை தாங்கும், ஆனால் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் நேரம் தவறக் கூடாது. முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு போடுவது வழக்கம். புதன் காலை 9 மணிக்கு என்றால் திங்கள் இரவு 9 மணி. தாமதமாகப் போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியும்.

இரண்டுக்கும் பொதுவான குறை, மருந்து உடம்பில் பல நாள் நிற்பது. 10 முதல் 14 நாள் வரை ஸ்ட்ரிப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். முட்டைகள் நிறைய வளர்ந்தவர்களுக்கு சினைப்பை மிகைத் தூண்டலும் (சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குவது) இதனால்தான் வலுக்கிறது. அவர்களுக்கு மருத்துவர் வேறு ட்ரிக்கர் தருவார். வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது.

விந்தணு, ஆண் ஹார்மோன் உற்பத்திக்காக இதே ஊசியை வாரம் இரண்டு மூன்று தடவை போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கு மட்டும் கணக்கு வேறு. கிருமித்தடுப்பு சேர்த்த நீரோடு வரும் 10,000 யூனிட் மருந்துக் குப்பியை 10 மி.லி.யில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 1000 யூனிட், அளந்து எடுப்பது சுலபம். கரைத்தது ஃப்ரிட்ஜில், தயாரிப்பைப் பொறுத்து 30 முதல் 60 நாள் வரை இருக்கும். சாதா சலைனில் கரைத்த ஒற்றை ஆம்பூலை அப்படி மிச்சம் வைக்க முடியாது.