முத்திரையுள்ள சட்டையும் வீரவநல்லூர்ச் சேலையும்

இந்தத் தீபாவளிக்கு எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு இரண்டு துணிகள் வந்தன. ஒன்று, இயற்கைப் பருத்தியில் தைத்தது என்று சொல்லி இணையத்தில் விற்கும் ஒரு பிராண்டின் சட்டை. மற்றது, வீரவநல்லூரில் வீட்டுத் தறியில் நெய்து, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விற்கப்பட்ட பருத்திச் சேலை. யாருடைய வயிற்றிலும் அடிக்காமல், ஆற்றையும் கெடுக்காமல் உருவான துணி இவற்றுள் எது என்று விசாரித்துப் பார்த்தேன். திருநெல்வேலி டவுன் வடக்கு ரத வீதியில் மலிவு விலைக்குக் குவித்து விற்கும் பாலியஸ்டர் துணியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை; துவைக்குந்தோறும் நெகிழி இழை உதிர்க்கும் துணியைப் பற்றி அலச அதிகம் இல்லை.

சட்டையோடு வந்த அட்டையில் ஜி.ஓ.டி.எஸ். என்னும், இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான உலகத் தரநிலையின் முத்திரை இருந்தது. முத்திரைகளுள் இதற்கு நான் தரும் மதிப்பு அதிகம். குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை இருந்தால்தான் இது கிடைக்கும். 95 சதவீதம் இருந்தால்தான் முழு ‘ஆர்கானிக்’ என்று போட்டுக்கொள்ளலாம். நூற்பு, சாயம், தையல் என ஒவ்வொரு கட்டத்திலும் தொழிலாளர் நிலையும் கழிவுநீரும் சோதிக்கப்படுகின்றன. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்னும் இன்னொரு முத்திரை அப்படியன்று. துணியில் தீங்கான ரசாயனம் தங்கியிருக்கிறதா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும், தைத்தவருக்கு என்ன கூலி என்று அது கேட்பதில்லை. ஆனால், ஜி.ஓ.டி.எஸ். முத்திரைக்குக் கீழே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். என் சட்டையில் படம் மட்டுமே இருந்தது. எண்ணைக் கேட்டு எழுதியபோது, பூமியின் மேல் தங்களுக்குள்ள அன்பைப் பற்றி ஒரு பக்கம் பதில் வந்தது, எண் வரவில்லை.

சேலையில் இருந்தது 2006ஆம் ஆண்டு அறிமுகமான கைத்தறி முத்திரை. அது கையால் நெய்தது என்பதற்கு மட்டுமே உறுதி. கூலிக்கோ சாயத்துக்கோ அது பொறுப்பேற்பதில்லை. எனவே நெய்தவரின் வீட்டுக்கே போனேன். நெசவாளர் அண்ணாச்சி குழித்தறியில் கால் மிதித்து நெய்துகொண்டிருக்க, அவர் மனைவி மதினி திண்ணையில் ராட்டையில் தார் (ஊடைநூல்) சுற்றிக்கொண்டிருந்தார். கூலி சேலைக் கணக்கு. மதினியின் அரை நாள் உழைப்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கைத்தறி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்கிறவர்கள் இந்தத் திண்ணையையும் பார்க்க வேண்டும்.

நூல் எந்த மில்லிலிருந்து வருகிறது என்று கேட்டேன். “சாயம் போட்டே சங்கத்துல தாராங்க, மில்லு பேரெல்லாம் நமக்குத் தெரியாது” என்றார் அண்ணாச்சி. என் கணக்கில் சேலை மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, நம் தென்மாவட்டங்களின் பெண்பிள்ளைகளைக் கொங்குநாட்டு நூற்பாலைகளின் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய கதை இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதிதன்று. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நாமறிந்ததே. தறி கையால் ஓடினாலும் நூலும் சாயமும் ஏதோ ஓர் ஆலையையும் சாயப்பட்டறையையும் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது.

பிராண்டுகளுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்கள் இங்கே அவ்வளவாக உதவுவதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பின் உருவான ஃபேஷன் ரெவல்யூஷன் இயக்கத்தின் வெளிப்படைத்தன்மைக் குறியீடுகூட, பெரிய நிறுவனங்கள் எவ்வளவு தகவலை வெளியிடுகின்றன என்பதைத்தான் அளக்கிறது. நடத்தையை நேரில் அளப்பதில்லை. அறிக்கை எழுத ஆள் வைத்திருப்பவருக்கு அங்கே இடமுண்டு, வீரவநல்லூர்ச் சங்கத்துக்கு இல்லை.

சரிபார்க்கக்கூடிய உரிம எண் இருந்திருந்தால் சட்டையைத்தான் முன்னே வைத்திருப்பேன். எண் இல்லாத நிலையில் சேலைக்கே என் வாக்கு, நூலுக்கான மதிப்பெண்ணை நிறுத்திவைத்து. திரும்பும் வழியில் சங்கத்தில் ஏறி விசாரித்தேன். செயலாளர் பழைய பில் கட்டை அவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மில்லின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.